பாரிஸில் விளக்கு வைக்கும் நேரம்

அக்டோபர் நடுவில் ஒரு மாலை. பாரிஸில் போன் நெஃப் பாலத்தின் தென்பாதியில், அரைவட்டமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல்மாடம் ஒன்றில் நின்றிருந்தேன். ‘புதுப் பாலம்’ என்பதுதான் பெயரின் பொருள். 1607இல் கட்டி முடித்த அந்தப் பாலமே இன்று ஊரில் நிற்பவற்றுள் மிகப் பழையது. எதிரே மேற்கு நோக்கி ஓடும் சேன் நதி. இடது கரையில் இன்ஸ்டிட்யூட் தெ ஃபிரான்ஸின் குவிமாடம். வலப்பக்கம் தீவின் முனையில் மரங்கள், அவற்றுக்கு அப்பால் லூவ்ர். ஆற்றின் குறுக்கே போன் தெஸார் என்னும் நடைபாலம். ஏழு மணிக்குச் சூரியன் மறைந்ததும் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் படமெடுத்து முடித்துக் கிளம்பிவிட்டார்கள். நான் கோட்டுப் பையிலிருந்து கேமராவை எடுத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தேன். முந்நூறு கிராம் எடை. கல் சில்லென்றிருந்தது. அந்த ஊரின் மிக நல்ல வெளிச்சம் இனிமேல்தான் வரப்போகிறது.

பல வருடம் பெரிய கேமராவோடுதான் ஊர் சுற்றியிருக்கிறேன். நல்ல ஜூம் லென்ஸ் ஒன்றை மாட்டினால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். பாரிஸ் கால்நடையாகப் பார்க்கவேண்டிய ஊர். காலையில் மோன்மார்த் குன்றின் படிக்கட்டுகளில் ஏறி, மத்தியானம் மாரே பகுதியின் சந்துகளில் அலைந்து, மாலையில் ஆற்றங்கரைக்கு வருவதற்குள் தோள் இற்றுப்போகும். அதனால் பெரிய கேமரா பெரும்பாலும் ஓட்டல் அறையிலேயே தங்கிவிடும், அதுவும் சரியாக விளக்கு வைக்கும் நேரத்தில். கோட்டுப் பையில் அடங்கும் கேமராவோ அந்நேரமும் கூடவே இருக்கிறது.

எடை குறையும்போது கூடவே ஒன்று குறைகிறது என்பதும் உண்மை. அது ஒளியை ஏந்திக்கொள்ளும் பரப்பு. ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லப்படும் பெரிய சென்சாரின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். என் கேமராவில் இருப்பதை ‘ஓர் அங்குல சென்சார்’ என்று விற்கிறார்கள். அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான் வரும். பழைய டெலிவிஷன் கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொல்லிவந்த கணக்கு பெயரில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃபுல் ஃப்ரேமின் பரப்பில் ஏழில் ஒரு பங்குகூட இது இல்லை.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிற மழையில் இரண்டிலும் நீர் சீராக ஏறும். தூறலில் கதை வேறு. வரிசையாகப் பத்து டம்ளர் வைத்தால் ஒன்றில் நாலு துளி விழும், பக்கத்திலிருப்பதில் ஏழு துளி விழும். ஒளியும் அப்படித்தான் துளித்துளியாக, ஃபோட்டான்களாக வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுமானால் 10 ஃபோட்டான் அளவுக்குக் கூடும் அல்லது குறையும். 10,000 விழுமானால் அந்தத் தடுமாற்றம் 100 ஃபோட்டான்தான். முதலாவதில் பத்தில் ஒரு பங்கு பிழை, இரண்டாவதில் நூற்றில் ஒரு பங்கு. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோலத் தெரிகிறதே, படமெடுப்பவர்கள் நாய்ஸ் என்கிறார்களே, அதில் பெரும்பகுதி இதுதான். ஒளியின் இயல்பிலேயே இருப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாலும் இதை முழுதாக ஒழிக்கமுடியாது.

ஆனால் டம்ளரையும் நிரப்பலாம். கூடுதல் நேரம் மழையில் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். சிறிய கேமராவுக்குத் தேவை நேரம். ஷட்டர் சற்று அதிகமாகத் திறந்திருக்கவேண்டும், அதுவரை கேமரா அசையக்கூடாது, ஒன்றுக்குப் பத்துமுறை எடுத்துப்பார்க்க அவகாசமும் இருக்கவேண்டும். அந்த அவகாசத்தைப் பாரிஸின் வானம் தாராளமாகத் தருகிறது.

நம்மூரில் பொழுது சாய்ந்தால் சட்டென்று இருட்டிவிடும். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் அடிவானத்தில் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. பாரிஸ் 49 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் சறுக்குமரத்தில் வழுக்குகிற குழந்தைபோலச் சாய்வாக இறங்கும். சூரியன் மறைந்ததிலிருந்து அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போகும்வரை உள்ள நேரத்தைத்தான் நாம் அந்தி வெளிச்சமாக உணர்கிறோம். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் இது சென்னையில் சுமார் 21 நிமிடம், பாரிஸில் 31 நிமிடம். ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணியாகும். அதற்குப் பிறகும் 40 நிமிடத்துக்கு மேல் அந்தி நீடிக்கும். அந்த நாட்களில் நள்ளிரவில்கூடச் சூரியன் 18 டிகிரிக்குக் கீழே போவதில்லை. வானியலாளர்கள் முழு இரவு என்று ஒப்புக்கொள்ளும் இருள் அப்போது அந்த ஊருக்கு வருவதே இல்லை.

அந்த அரைமணி நேரத்தின் நீலம் எங்கிருந்து வருகிறது? பகல் வானம் நீலமாக இருப்பதன் காரணத்தைப் பள்ளியில் படித்திருக்கிறோம். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதே விதியை அந்திக்குப் பொருத்தினால் கணக்கு இடிக்கிறது. சாயங்காலச் சூரியனின் ஒளி காற்றை நெடுந்தூரம் ஊடுருவி வரும்போது நீலத்தை வழியெல்லாம் உதிர்த்துவிடுகிறது. அப்படியானால் உச்சிவானம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ அல்லவா தெரியவேண்டும்? தெரிவதோ நாளிலேயே ஆழ்ந்த நீலம். இதற்கு விடை ஓசோன். அது ஆரஞ்சு, மஞ்சள் ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை 1880 வாக்கில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்புயி கண்டறிந்தார். சூரியன் உயரத்தில் இருக்கும்போது ஒளி ஓசோன் படலத்தைக் குறுக்கே கடந்துவிடுவதால் இந்த உறிஞ்சல் நமக்குத் தெரிவதில்லை. அந்தியில் ஒளி அதே படலத்துக்குள் படுக்கைவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் வடிகட்டப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. அந்தி வானின் உச்சி நீலத்தில் பெரும்பங்கு ஓசோனால் வருவது என்று 1953இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் கணக்கிட்டுக் காட்டினார். புற ஊதாக் கதிரிலிருந்து நம் தோலைக் காக்கும் அதே படலம் மாலைக்கு இந்த நீலத்தையும் பூசுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

வானம் இப்படி நீலமாகிவரும் நேரத்தில் கரையோர விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். இங்கேதான் சிறிய சென்சாருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. மிக வெளிச்சமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒரே படத்தில் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. பகலில் வானம் வெளிறிப்போகும். நள்ளிரவில் விளக்குகள் வெள்ளைப் பொட்டுகளாகிவிடும், மற்ற எல்லாம் கறுப்பாகும். சூரியன் மறைந்து பதினைந்து, இருபது நிமிடம் கழித்து வானத்தின் ஒளியும் விளக்கின் ஒளியும் தராசில் நிறுத்ததுபோலச் சமமாகின்றன. அப்போது ஒரே படத்தில் வானமும் நிற்கும், விளக்கும் நிற்கும், நடுவிலுள்ள ஜன்னல் கம்பிகூடத் தெரியும். கேமராவின் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். விளக்கின் மஞ்சளைக் கண்டதும் அதை வெள்ளையாக்கப் பார்த்து, அந்த ஊரின் மாலையையே அழித்துவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் வைத்தால் விளக்கு பொன்னிறமாகவும் வானம் நீலமாகவும் இருக்கும்.

பாலத்திலிருந்து இடப்பக்கம் தெரிகிறது என்றேனே குவிமாடம், புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட இடம் அதுதான். 1839 ஆகஸ்ட் 19 அன்று அறிவியல் கழகமும் கலைக் கழகமும் அங்கே கூடியிருந்த அவையில், இயற்பியலாளர் ஃபிரான்சுவா அராகோ, லூயி டகேரின் செய்முறையை விளக்கினார். பிரெஞ்சு அரசு டகேருக்கு ஓய்வூதியம் கொடுத்து அந்த முறையை வாங்கிப் பொதுவில் வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு டகேர் தன் கட்டடத்தின் ஜன்னலிலிருந்து தாம்ப்ள் பூல்வாரைப் படமெடுத்திருந்தார். மிகவும் சந்தடியான தெரு அது. படத்திலோ வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. வெள்ளி பூசிய தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆனதால் நகர்ந்தவை எதுவும் நிற்கவில்லை. கீழ் இடது மூலையில் மட்டும் ஒரு மனிதர், ஒரு காலைத் தூக்கி வைத்தபடி. செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்றிருக்கிறார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பெயர் தெரியாது.

அதன் பிறகு பாரிஸில் கேமரா படிப்படியாக எடை குறைந்த கதையும் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும் கதைதான். யூஜின் அட்ஜே 1890களின் கடைசியிலிருந்து முப்பது வருடம் பழைய பாரிஸின் தெருக்களையும் கடை வாசல்களையும் எடுத்துத் தீர்த்தவர். மரக் கேமரா, முக்காலி, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள், எல்லாவற்றையும் தானே சுமந்தார். விடிகாலையில் போவார், அதனால் தெருக்கள் ஆளரவமற்று இருக்கும். அவருடைய பல படங்களின் மேல்மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். உயரமான கட்டடம் படத்துக்குள் அடங்கவேண்டும், சுவர்களும் சாயாமல் நிற்கவேண்டும் என்பதற்காக லென்ஸை அது ஒளி பாய்ச்சும் வட்டத்தின் விளிம்புவரை உயர்த்திய அடையாளம் அது. எனக்கு அந்தக் கறுப்பு மூலைகள்மேல் தனிப் பிரியம் உண்டு. பாரம் சுமந்த ஒருவரின் கைரேகையைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அட்ஜே இறந்தது 1927இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைகா கேமரா அறிமுகமாயிற்று. அதை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் சினிமா ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டத்தை அமைத்தார். அட்ஜேயின் ஒரு கண்ணாடித் தகட்டின் பரப்பில் சரியாக ஐம்பதில் ஒரு பங்கு அது. சட்டைப்பையில் வைக்கலாம் என்பதற்காகப் பிறந்த அந்த அளவைத்தான் இன்று நாம் ஃபுல் ஃப்ரேம் என்று பெயரிட்டு, பெரியது, கனமானது என்கிறோம். 1932இல் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான், சேன் லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம் வேலி இடுக்கில் லென்ஸை நுழைத்து, தேங்கிய நீரைத் தாண்டிப் பாய்பவரைப் பிடித்தது லைகாவால்தான். முக்காலி போட்டு, தகடு மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் பாய்ந்தவர் எப்போதோ தாண்டிப் போயிருப்பார். ஃபிலிமில் விழும் ஃபோட்டான்களில் நூற்றில் ஓரிரண்டுதான் படமாகப் பயன்பட்டன. இன்றைய சென்சார் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. பரப்பு சுருங்கியும் கோட்டுப் பைக் கேமரா பிழைத்திருப்பதற்கு இது பெரிய காரணம்.

நிறமும் ஒளியைத் தின்னும். லூமியர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் தகட்டில், உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய மணிகளுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா சாயம் ஏற்றிப் பரப்பியிருப்பார்கள். ஒளியில் பெரும்பகுதியை மாவே விழுங்கிவிடும். நல்ல வெயிலிலும் ஒரு நொடிபோலத் திறந்து வைக்கவேண்டியிருந்தது. ஆல்பர்ட் கான் என்ற வங்கியாளர் 1909 முதல் 1931 வரை உலகம் முழுக்க ஆளனுப்பி அப்படிச் சேர்த்த 72,000 வண்ணப்படங்கள் பாரிஸை ஒட்டிய பூலோன் பியான்கூரில் இருக்கின்றன. இன்றைய சென்சாரின்மேலும் சிவப்பு, பச்சை, நீலச் சதுரங்கள் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தை மட்டும் உள்ளே விடுகிறது. மாவு மணிகள் ஒழுங்கான கட்டங்களாகிவிட்டன, வேலை அதேதான்.

இரவுக்கென்றே வந்தவர் பிரஸ்ஸாய். 1933இல் வெளியான ‘பாரிஸ் இரவு’ நூலின் படங்களுக்காகக் கண்ணாடித் தகடு மாட்டும் சிறிய கேமராவோடு பனியிலும் மழையிலும் திரிந்தார். எத்தனை நிமிடம் திறந்து வைப்பது என்பதற்குச் சிகரெட்தான் கணக்கு. ஓரளவு வெளிச்சம் இருந்தால் ஒரு கொலுவாஸ் எரிந்து முடியும் நேரம், இன்னும் இருட்டென்றால் தடித்த போயார் எரியும் நேரம். வெறும் விளக்கைக் கேமராவுக்குக் காட்டாமல் மரத்துக்கோ தூணுக்கோ பின்னால் மறைத்து, ஈரத்தில் பரவும் அதன் ஒளியை மட்டும் எடுத்தார். விளக்கைத் தூணின் பின்னால் ஒளித்துவைக்கும் அந்த வித்தை இன்றைய சிறிய சென்சாருக்கும் அப்படியே பொருந்தும்.

நமக்குச் சிகரெட் வேண்டாம், எட்டு நொடி போதும். அந்த எட்டு நொடிக்கும் கேமரா அசையக்கூடாது. கையில் பிடித்து எடுப்பதென்றால் கேமராவுக்குள் இருக்கும் சிறு சுழற்சி உணரிகள் கை நடுக்கத்தை அளந்து, லென்ஸையோ சென்சாரையோ எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்கின்றன. முன்பு 50இல் ஒரு நொடிக்குக் கீழே போகமுடியாத கையை, நல்ல கருவி மூன்றில் ஒரு நொடிவரை இறங்கவிடுகிறது. பதினாறு மடங்கு ஒளி! செல்பேசிகள் வேறு வழியில் போகின்றன. வேகமாகப் பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கின்றன. ஒன்பது படங்களைச் சேர்த்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் பாரிஸ் பாலங்களின் கல்சுவருக்கு இணையான முக்காலி இல்லை. மடித்த மஃப்ளரைக் கீழே வைத்து அதன்மேல் கேமராவை அமர்த்தி, இரண்டு நொடி டைமரை வைத்துக் கையை எடுத்துவிடவேண்டும். போன் தெஸாரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மரப்பலகை பாவிய இலகுவான பாலம் அது. பத்தடி தள்ளி ஒருவர் நடந்தாலே படம் கலங்கும்.

சிறிய சென்சாரில் ஒரு லாபமும் உண்டு. அதன் லென்ஸ் குட்டையானது என்பதால் துவாரத்தை எஃப் 4இல் வைத்தாலே பக்கத்துத் தூணிலிருந்து எதிர்க்கரைக் கூரைவரை எல்லாம் தெளிவாக நிற்கும். பெரிய கேமராவில் அதே தெளிவுக்கு எஃப் 11வரை மூடி ஒளியை இழக்கவேண்டும். தெளிவு கூடட்டும் என்று சிறிய கேமராவையும் எஃப் 11க்கு மூடினால் காரியம் கெடும். துவாரம் சிறுக்கச் சிறுக்க ஒளி விளிம்பில் வளைந்து பரவி, ஒரு புள்ளி பல பிக்சல்மேல் படரும். எஃப் 5.6க்கு மேல் நான் போவதில்லை.

மேலே எடுத்தபின் படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். பாலத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் நீர் கறுத்துக் கிடக்கும், ஏனென்றால் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் நீர் திருப்பி அனுப்புகிறது. கரையில் குந்தி உட்கார்ந்து, நீர்ப்பரப்பை 10 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அது 35 பங்காகிவிடுகிறது. ஒளியே இல்லை என்று தோன்றிய ஆறு பொன்னும் நீலமுமாக நிறையும். ஒரு விளக்கு ஒரு புள்ளியாகத் தெரியாமல் நம்மை நோக்கி நீளும் தூணாகத் தெரிவதையும் கவனியுங்கள். ஒவ்வொரு சிற்றலையும் சாய்த்துப் பிடித்த கண்ணாடித் துண்டு. நமக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் எந்தத் துண்டெல்லாம் சரியான சாய்வில் இருக்கிறதோ அதெல்லாம் விளக்கைக் காட்டுகிறது. படகு ஒன்று கடந்துபோனால் தூண்கள் உடைந்து, மெல்ல மெல்ல மறுபடி கூடும். முழங்கால் நனைந்தாலும் அந்த உயரத்திலிருந்து எடுங்கள்.

கரையோரக் கட்டடங்களின் வெளிர் மஞ்சள் நிறம் பூச்சு வேலை அல்ல, கல்லே அப்படித்தான். ஏறக்குறைய நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த ஆழமற்ற கடலின் சுண்ணாம்புக்கல். பாரிஸின் ரோமானியர் காலப் பெயரான லுட்டீஷியாவை வைத்து, புவியியலாளர்கள் அந்தக் காலகட்டத்தையே லுட்டீஷியன் என்கிறார்கள். லூவ்ரின் சுவரில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் சில கற்களில் கடற்சிப்பியின் அச்சு தெரியும். இந்த வெளிர்ந்த சுவர் சட்டத்தை நிறைத்திருந்தால் கேமரா ஏமாந்துவிடும். காண்பதையெல்லாம் நடுச்சாம்பலாக எண்ணுவது அதன் பழக்கம், எனவே கல்லை அழுக்காக்கிக் காட்டும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் கூட்டினால் கல் தன் நிறத்துக்குத் திரும்பும். மழை பெய்தால் இன்னும் விசேஷம். நனைந்த கருங்கல் பாவிய தெருவே கண்ணாடியாகி, வெளிச்சம் இரட்டிப்பாகும்.

ஐஃபல் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் 20,000 பல்புகள் மின்னும். ஒவ்வொரு மின்னலும் கண்சிமிட்டும் நேரம்தான், அதனால் ஒரு நொடியாவது ஷட்டர் திறந்திருந்தால்தான் கோபுரம் முழுக்கப் பொறி பரந்ததுபோல வரும். அந்த இரவு விளக்கலங்காரத்துக்குக் காப்புரிமை உண்டு. உங்கள் ஆல்பத்துக்குத் தடையில்லை, விற்பதற்கு அனுமதி வாங்கவேண்டும்.

போன் நெஃப்பில் அன்று கடைசியாக எடுத்த படத்துக்கு மணி ஏழு இருபத்தெட்டு. எஃப் 5.6, எட்டு நொடி. ஷட்டர் மூடியதும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். குவிமாடத்தின் பின்னால் வானம் மசிநீலமாக நின்றது. ஒரு படகு நீரில் மஞ்சள் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது. இடக்கரையில் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை, கல்தளம் துடைத்துவிட்டாற்போல வெறிச்சென்றிருந்தது. கீழே தீவின் முனையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள், தோளோடு தோள் சாய்ந்து. அந்த எட்டு நொடியும் அவர்கள் அசையவே இல்லை.